ஸ்டாக் எடுக்கணும், கடையை மூடுங்க!

வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் ஸ்டாக் எடுக்கிற வேலை வரும். கடைக்கு இரண்டு நாள் லீவு விடுவார்கள். ஏட்டில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். மூன்று வருஷம் பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் சந்தேகப்பட ஒன்றுமே கிடையாது.

லண்டனின் வடமேற்கில், கில்பர்ன் பகுதியை ஒட்டி, கார்ல்டன் வேல் என்றொரு தெரு. அங்கே கார்ல்டன் டேவர்ன் என்றொரு பழைய மதுக்கடை. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை, கடையை நடத்திக்கொண்டிருந்த பெண்மணிக்கு இடத்தின் சொந்தக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. ஸ்டாக் எடுக்கணும், கடையை மூடுங்க.

மூடினார். புதன்கிழமை திரும்பி வந்து பார்த்தால், கடையைக் காணோம்.

கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம் அல்லவா? இது நிஜம். ஏப்ரல் 8-ம் தேதி ராட்சத இயந்திரங்களைக் கொண்டுவந்து, ஏறக்குறைய நூறு வருடம் நின்ற கட்டடத்தை இடித்துச் செங்கல் குவியலாக்கியிருந்தார்கள். நகர கவுன்சிலின் அனுமதி? இல்லை. முன்கூட்டி ஓர் அறிவிப்பு? அதுவும் இல்லை.

அக்கம்பக்கத்து ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். கோபப்பட்டார்கள். சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். வரவேண்டும். போயும் போயும் ஒரு சாராயக்கடை. இடித்தால் தேங்காய் உடைத்துக் கொண்டாட வேண்டிய விஷயமில்லையா? இதற்குப் போய் யாராவது அழுவார்களா?

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

*

'பப்' என்கிற வார்த்தை, பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொது வீடு. நட்சத்திர ஓட்டலில் காதைக் கிழிக்கும் பாட்டோடு ராத்திரி நடக்கிற சமாசாரத்தை மறந்துவிடுங்கள். ஆங்கிலேயனுக்கு பப் என்பது தெருமுனையில் இருக்கும் இன்னொரு கூடம். ஒரு கிளாஸ் பீரை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். கல்யாண விருந்தும் அங்கேதான். செத்தவருக்காக நாலு பேர் கூடி நினைத்துப் பேசுவதும் அங்கேதான்.

1830-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் பீர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. உள்ளூர் வரி கட்டுகிற யாராக இருந்தாலும் இரண்டு கினி கட்டணம் செலுத்தி, பீர் விற்க லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். ஜனங்கள் ஜின் குடித்துச் சீரழிகிறார்கள், லேசான பீர் பக்கம் திருப்பினால் உருப்படுவார்கள் என்று ஒரு கணக்கு. எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள்! தெருவுக்குத் தெரு வீட்டு முன்னறைகள் பீர்க்கடைகளாயின.

பிறகு பெரிய பீர் கம்பெனிகள் கடைகளைத் தாங்களே வாங்கிப்போட ஆரம்பித்தன. கம்பெனிக்குச் சொந்தமான கடையில் அந்தக் கம்பெனி பீர்தான் விற்கவேண்டும். அப்படி லண்டனில் கோலோச்சிய கம்பெனிகளில் ஒன்று சாரிங்டன். நம் கதையில் வரும் கார்ல்டன் டேவர்னும் சாரிங்டன் கடைதான்.

சாரிங்டன் குடும்பத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. இதைச் சொல்லாமல் மதுக்கடைக்காக அழச் சொன்னால் அது நியாயமில்லை.

ஃப்ரெடரிக் சாரிங்டன், 1850-ல் பிறந்தவர். அந்தச் சொத்தின் வாரிசு. இருபது வயதை ஒட்டிய சமயம், கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடையைக் கடந்து போகிறார். வாசலில் ஒரு ஏழைப் பெண், குழந்தைகளோடு நிற்கிறாள். உள்ளே குடித்துக்கொண்டிருக்கும் புருஷனிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்கிறாள். அவன் வெளியே வந்து ஓங்கி ஒரு அடி. அவள் சாக்கடையோரம் விழுகிறாள். ஃப்ரெடரிக் நிமிர்ந்து பார்க்கிறார். கடையின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். சாரிங்டன்.

அவ்வளவுதான். பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் என்று சொல்லப்பட்ட தன் பங்கை வேண்டாம் என்று உதறிவிட்டு வெளியேறினார். 1936-ல் சாகும்வரை மது எதிர்ப்பும் ஏழைகளுக்கான தொண்டும்தான் அவருக்கு வாழ்க்கை.

ஆக, இது வெள்ளையும் சள்ளையுமான கதை இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பொது வீடு என்று பெயர் வைத்தார்களே தவிர, பெண்களுக்கு அது எல்லா இடத்திலும் பொதுவாக இல்லை. லண்டன் பத்திரிகைக்காரர்களின் ஃப்ளீட் தெருவில், எல் வினோ என்ற பிரபல மதுக்கடையில், கவுன்டரில் நின்று வாங்கிக் குடிக்கப் பெண்களை அனுமதிக்கமாட்டார்கள். அது சட்ட விரோதம் என்று கோர்ட் சொன்னதே 1982-ல்தான்.

இவ்வளவு பாவமூட்டை இருந்தும் ஜனங்கள் ஏன் விடவில்லை? அதற்கு நம் கடைக்கே திரும்புவோம்.

*

முதல் உலகப்போர் சமயம். தொழிலாளி மத்தியானமே குடித்துவிட்டால் பீரங்கிக்குண்டு யார் செய்வது என்று அரசாங்கத்துக்குக் கவலை. 1915-ல் பப்களின் நேரத்தைக் குறைத்தார்கள். மத்தியானம் மூடவேண்டும். போர்க்காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்த இந்த மத்தியானப் பூட்டு, இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. தாற்காலிகம் என்று அரசாங்கம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1918-ல் ஜெர்மானியர்கள் வானத்திலிருந்து போட்ட குண்டில், கார்ல்டன் வேல் தெருவில் அதே இடத்தில் இருந்த பழைய பப் அழிந்துபோனது. போர் முடிந்தது. 1920-21-ல் சாரிங்டன் கம்பெனி, ஃப்ராங்க் பாட்டர் என்கிற கட்டடக்கலைஞரை வைத்து அங்கே புதிதாக ஒன்றைக் கட்டியது. அதுதான் கார்ல்டன் டேவர்ன்.

அந்தக் காலகட்டத்தில் பப் கட்டுகிறவர்களுக்குப் புது யோசனை வந்திருந்தது. இருட்டும் நாற்றமும் போகட்டும். வெளிச்சமாக, சுத்தமாக, சாப்பாடும் கிடைக்கிற மாதிரி, குடும்பத்தோடு வரக்கூடிய மாதிரி கட்டுவோம். உள்ளே தனித்தனி அறைகள் இருக்கும். தொழிலாளிகளுக்கு 'பப்ளிக் பார்', விலை குறைவு, வெறும் தரை. கொஞ்சம் வசதியானவர்களுக்கு 'சலூன்', விலை ஒரு பென்னி, இரண்டு பென்னி கூட, கம்பளம் உண்டு. ஒரே பீப்பாய், ஒரே பீர், நடுவில் ஒரு சுவர்! வகுப்பு வித்தியாசத்தைச் செங்கல்லிலேயே கட்டிவைத்த தேசம் அது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. லண்டன்மீது ஜெர்மானியர்கள் மறுபடியும் குண்டு மழை பொழிந்தார்கள். இந்த முறை கார்ல்டன் டேவர்ன் தப்பித்தது. சுற்றியிருந்த பழைய வீடுகள் போய்விட்டன. அந்தத் தெருவில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பிறகு சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நடுவில் செங்கல்லும் மெருகேற்றிய ஓடுகளும் பதித்த இந்தச் சின்னக் கட்டடம் மட்டும் 1921-ஐ ஞாபகப்படுத்திக்கொண்டு நின்றது.

1946-ல் ஜார்ஜ் ஆர்வெல், 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். விலங்குப் பண்ணை எழுதிய அதே ஆர்வெல். தனக்கு ரொம்பப் பிடித்த பப் பற்றி வரிவரியாக வர்ணித்துவிட்டு, கடைசியில் அப்படி ஒரு கடை கிடையவே கிடையாது, எல்லாம் என் ஆசை என்று முடித்தார். அவர் போட்ட பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். மதுவின் தரத்தைவிட மற்றதற்குத்தான் இடம் அதிகம். பேசமுடிகிற அளவுக்கு அமைதி வேண்டும். பரிமாறுகிறவர்களுக்கு வருகிறவர்களின் பெயர் தெரிந்திருக்கவேண்டும். குழந்தைகளோடு உட்காரத் தோட்டம் வேண்டும்.

பெயர் தெரிந்திருப்பது. அதற்குத்தான் மனிதன் காசு கொடுக்கிறான். பீர் அதற்கான நுழைவுச்சீட்டு.

*

சரி, இத்தனை வேண்டப்பட்ட கடைகள் ஏன் மூடின? இப்போது கொஞ்சம் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கவேண்டும்.

1989-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தது. பெரிய பீர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான பப்களைக் கையில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றுகின்றன, ஏகபோகத்தை உடைப்போம். 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி, கூடுதலாக இருப்பதில் பாதியை விற்கவேண்டும். இல்லையென்றால், எந்தக் கம்பெனி பீரையும் விற்கலாம் என்று அவற்றை விடுவிக்கவேண்டும்.

கம்பெனிகள் விற்றன. வாங்கியது யார்? பீருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாத புது நிறுவனங்கள். கடன் வாங்கி, ஆயிரக்கணக்கில் பப்களை வாங்கிக் குவித்தன. பீர் காய்ச்சுகிறவனுக்கு பப் என்பது சரக்கு விற்கும் இடம். அது மூடினால் அவனுக்கு நஷ்டம். கடன் வாங்கி வாங்கியவனுக்கு அது ஒரு மனை. வட்டி கட்டத் தேவைப்பட்டால் விற்றுவிடலாம். ஒரே கட்டடம், பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்த இடம் மாறிவிட்டது. சரக்கறையிலிருந்து ரியல் எஸ்டேட்டுக்கு.

இதற்கு நடுவே சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. பீர்மீதான வரி ஏறிக்கொண்டே போனது. லண்டன் மனை விலையோ, கேட்கவே வேண்டாம். 2000-ம் ஆண்டில் பிரிட்டனில் அறுபதாயிரத்துக்கும் மேல் இருந்த பப்கள், 2019-ல் சுமார் 47 ஆயிரமாகச் சுருங்கிவிட்டன.

ஒரு பேச்சுக்கு யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு மனையின் சொந்தக்காரர். அதில் தரைத்தளத்தில் ஒரு பழைய பப். நாளெல்லாம் பத்துக் கிழவர்கள் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்கள். அதை இடித்தால் பத்து ஃப்ளாட் கட்டலாம். எது லாபம் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். அந்தப் பத்துக் கிழவர்களில் ஒருவர் மூன்று நாளாக வரவில்லையே, போய்க் கதவைத் தட்டிப் பார்ப்போம் என்று ஒருவன் கிளம்புகிறானே, அதற்கு எந்த லெட்ஜரிலும் பற்று வரவு கிடையாது.

ஆங்காங்கே ஜனங்கள் எதிர்த்து நிற்க ஆரம்பித்தார்கள். லண்டனின் தெற்கே நன்ஹெட் பகுதியில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2012-ல் மூடினார்கள். 2011-ல் வந்த ஒரு சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் சொத்து என்று ஒரு கட்டடத்தைக் கவுன்சிலில் பதிவு செய்யலாம். பதிவாகிவிட்டால், விற்பதற்குமுன் ஊர்க்காரர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரவேண்டும், பணம் திரட்டிக்கொண்டு வாருங்கள் என்று. நாட்டிலேயே முதலாவதாகப் பதிவானது ஐவி ஹவுஸ். மானியம், கடன் எல்லாம் போக, 371 பேர் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். 2013-ல் தங்கள் கடையைத் தாங்களே வாங்கித் திறந்தார்கள்.

கார்ல்டன் டேவர்ன்காரர்களுக்கு அப்படி அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

*

கட்டடத்தின் சொந்தக்காரர், சி.எல்.டி.எக்ஸ். என்ற கம்பெனி. பப்பின் இடத்தில் பத்து ஃப்ளாட் கட்ட அனுமதி கேட்டிருந்தது. 2015 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் முடியாது என்று நிராகரித்தது.

அப்போதே ஊர்க்காரர்கள் சிலருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இவர்கள் இத்தோடு விடமாட்டார்கள். நேராகப் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் அரசு அமைப்பிடம் போனார்கள். இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேருங்கள் என்றார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து அசந்துபோனார்கள். உள்ளும் புறமும் 1921-ல் இருந்தபடி ரொம்பவே கலையாமல் இருக்கிறது. பட்டியலில் சேர்க்கிற வேலை ஆரம்பமானது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பட்டியலில் சேர்ப்பதற்காக அளந்தார்கள். படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வகை ஓட்டுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்துவைத்தார்கள். கட்டடம் முழுக்கக் காகிதத்தில் ஏறிவிட்டது.

பட்டியல் முடிவு வர ஓரிரு நாள்தான் பாக்கி என்கிற நிலையில்தான் ஸ்டாக் எடுக்கும் நாடகம் நடந்தது. புல்டோசர் வந்தது.

இடித்தவர்கள் போட்ட கணக்கு என்னவாக இருக்கும்? அதிகபட்சம் அபராதம். அதை ஃப்ளாட் விலையில் சேர்த்துவிடலாம். வழக்கமாக அப்படித்தான் நடக்கும். இடித்தது இடித்ததுதான், செத்தவனை எழுப்பவா முடியும்?

கவுன்சில் உத்தரவு போட்டது. எழுப்பு.

எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கட்டவேண்டும். செங்கல் செங்கலாக. ஓடு ஓடாக. கம்பெனி அப்பீல் போனது. 2016-ல் விசாரணை நடந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வக்கீல் எழுந்து, எப்படி இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. அளவு இருந்தது, படம் இருந்தது, அச்சு இருந்தது. 2016 ஜூலையில் அப்பீல் தோற்றது. இரண்டு வருடத்தில் கட்டிமுடி என்று தீர்ப்பு.

மறு வருடம், 2017 மே மாதம், இங்கிலாந்தில் சட்டமே மாறியது. அதிலிருந்து எந்த பப்பை இடிக்கவும், வேறு கடையாக மாற்றவும் முழுமையான திட்ட அனுமதி வாங்கியாகவேண்டும்.

அதற்காக எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் 'கோணல் வீடு' என்று பேரெடுத்த ஒரு பப் இருந்தது. கீழே சுரங்கம் தோண்டியதில் பூமி இறங்கி, 18-ம் நூற்றாண்டுக் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கவே கூட்டம் வரும். 2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5-ம் தேதி தீப்பிடித்தது. 7-ம் தேதி மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் உள்ளூர் கவுன்சில், மூன்று வருடத்துக்குள் திருப்பிக் கட்டு என்று உத்தரவிட்டது. சொந்தக்காரர்கள் அப்பீல் போனார்கள். அந்தக் கடையின் ரசிகர்கள் எல்லாரும் அப்போது சுட்டிக்காட்டிய பெயர், கார்ல்டன் டேவர்ன்.

*

2021 ஏப்ரல். இடித்து ஆறு வருடம். செங்கல் முகப்பும் சாரிங்டன் பெயர் பொறித்த ஓடுகளுமாகக் கார்ல்டன் டேவர்ன் மறுபடி நின்றது. திறக்கிற நேரத்தில் ஊரெல்லாம் கொரோனா. ஏப்ரல் 12 முதல் பப்கள் வெளியே மேஜை போட்டுப் பரிமாறலாம், உள்ளே உட்கார மே 17 வரை பொறுக்கவேண்டும் என்று அரசாங்க விதி. ஆறு வருடம் காத்திருந்தவர்கள், மேலும் ஐந்து வாரம் வெளியே உட்கார்ந்து தங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இது பழைய கட்டடமா? இல்லைதான். தொண்ணூற்று நாலு வருடம் கைபட்டு வழவழப்பான மரம் இல்லை. அந்தப் பழைய வாடை இல்லை. இடைப்பட்ட வருடங்களில் சில வாடிக்கையாளர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதையெல்லாம் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஆனாலும் கடை திரும்பி வந்தது. எதனால் வந்தது? கோபத்தினால் மட்டும் வரவில்லை. கோபம் எல்லா ஊரிலும் தாராளமாகக் கிடைக்கும். இடிப்பதற்கு முன்பே, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, ஒருவர் போய் மனு கொடுத்தார். ஒருவர் டேப்பைப் பிடித்து அளந்தார். ஒருவர் பிளாஸ்டரைக் குழைத்து ஓட்டின்மேல் அப்பினார். அந்த அலுப்பூட்டும் வேலைதான் கோர்ட்டில் பேசியது.

உங்கள் தெருவிலும் ஏதோ ஒன்று இருக்கும். டீக்கடையோ, வாசகசாலையோ, சலூனோ. உங்கள் பெயர் தெரிந்த இடம். அதை நாளைக்கு யார் வாங்கப்போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அங்கே ஸ்டாக் எடுக்கவேண்டும் என்றால், இன்றைக்கே நீங்கள் எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.